அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

1

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பதுதான். மொழிப்பற்று என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள்.

பிரான்சில், ஒர்லேயான் நகரத்தில், பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், முப்பத்தோரு வருடமாக ஓர் ஆய்விதழைக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு இதழ், முழுக்கப் பிரெஞ்சில். ஆறுகளைப் பற்றி யார் எழுதினாலும் போடுவோம். வரலாற்றுக்காரர்கள் அடிக்குறிப்பைக் கட்டுரையைவிட நீளமாக எழுதுவார்கள். பொறியாளர்கள் மூன்று சூத்திரம் எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். மீன் ஆராய்ச்சிக்காரருக்குச் சமூகவியல்காரரைக் கண்டாலே ஆகாது. எல்லாருக்கும் பொதுவானவள் நான். கட்டுரை என்னிடம்தான் வரும். பெயரை மறைத்து இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புவேன். அவர்கள் எழுதும் அறிக்கைகளை, அவர்கள் பெயரையும் மறைத்து, கட்டுரையாளருக்கு அனுப்புவேன். யார் யாரைத் திட்டினார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இன்று வியாழன். மணி இரண்டு. ஐந்து மணிக்கு வசந்தகால இதழ் அச்சுக்குப் போக வேண்டும். அதன் கடைசிப் பக்கத்தில் அரைப் பக்கம் இன்னும் என் கையில் நிற்கிறது. இந்தக் கதை அந்த அரைப் பக்கத்திலிருந்துதான் பிறந்தது. வேலையை விட்டுவிட்டு ஏன் கதை எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: “ஆறு எதையும் மறப்பதில்லை, அது தன் நினைவுகளைக் கரையோரச் சுவர்களில்—”

(அடித்துவிட்டேன். ஆற்றுக்கு ஞாபகசக்தி இருந்தால் எங்களுக்கு என்ன வேலை?)

இரண்டாவது முயற்சி: “நொயெமி கெரினோவுக்கு முப்பத்தாறு வயது. நான்கு முறை இரண்டாம் இடம்.”

இது பரவாயில்லை. வாழ்க்கையையே இரண்டு வாக்கியத்தில் சொல்லியாயிற்று. ஒவ்வொரு மே மாதமும் ஏதோ ஓர் ஊரில் ஒரு விரிவுரையாளர் இடம் காலியாகும். நூறு பேர் விண்ணப்பிப்பார்கள், ஆறு பேரை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். முதல் இடத்துக்கு வேலை. இரண்டாம் இடத்துக்கு மரியாதையான கடிதம். அப்படி நான்கு கடிதம் நொயெமியிடம் இருக்கிறது. இந்த மே பதினான்காம் தேதி ஐந்தாவது நேர்காணல். இதுவும் கைவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிடுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் மிரட்டுகிற ரகம் இல்லை.

அவள் நம்பியிருப்பது எங்கள் இதழில் மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு கட்டுரையை. லுவார் ஆற்றங்கரையில் ஷாம்ப்ரோ என்றொரு கிராமம். அங்கே ஒரு விவசாயி வீட்டுச் சுவரில் பதித்த வெள்ளைக்கல். அதில் ஒரு கோடு, ஓர் ஆண்டு. முந்நூறு வருடத்துக்கு முன் வந்த வெள்ளம் இந்த உயரம் தொட்டது என்று யாரோ செதுக்கியது. தரையிலிருந்து தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். அந்தக் கோட்டை வைத்து, பழைய பதிவேடுகளையும் நீர்க்கணக்கையும் சேர்த்து, அந்த வெள்ளம் எதுவரை போயிருக்கும் என்று நிறுவினாள். வரலாற்றுக்காரர்கள் பாராட்டினார்கள், அதிசயமாகப் பொறியாளர்களும் பாராட்டினார்கள். வெள்ள அபாய வரைபடம் போடுகிறவர்கள் அவளுடைய எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் கல்லைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

3

இனி வருவது நான் பார்த்ததில்லை. நொயெமி போனில் சொன்னது. இடைவெளிகளை நான் நிரப்பியிருக்கிறேன். கதை எழுதுகிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. நேர்காணலில் காட்டுவதற்குக் கல்லைப் புதிதாகப் படம் எடுக்க நொயெமி ஷாம்ப்ரோவுக்குப் போனாள். வீட்டுக்காரன் தியெரி ஈரம் ஏறிய வெளிச்சுவரின் பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஜோசியான் வாசலில் நாற்காலி போட்டு வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகளின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல்.

“வாங்க டாக்டரம்மா! எங்கள மாடியேத்தின புண்ணியவதியே நேர்ல வந்துட்டாங்க.”

“வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத தியெரி.”

“நான் என்ன பொய்யா சொல்றேன்? உனக்கு இடுப்பெலும்பு மாத்தி எட்டு மாசமாச்சு. கீழ ஒரு படுக்கையறை கட்டறேன்னு கேட்டா, தரைமட்டத்துல படுக்கக் கூடாதாம். வெள்ளம் வருமாம். எவன் சொன்னான்னு கேட்டா ஆராய்ச்சி சொல்லுதுன்னு இவங்க பேர காட்டறான்.”

நொயெமிக்கு முகம் சிவந்துவிட்டது. ஜோசியான் கத்தியைக் கீழே வைத்தாள்.

“எனக்குக் கோவம் உங்க மேல இல்லம்மா. படிக்கட்டு மேலதான். பதினாலு படி. உக்காந்து உக்காந்து பின்பக்கமா ஏறுறேன், குழந்த மாதிரி. ஒம்பதாவது படியில கொஞ்சம் இளைப்பாறுவேன்.”

“அத விடுங்க, இங்க ஒரு வேடிக்க பாருங்க,” என்று தியெரி சுவரைக் காட்டினான். “பூச்சுக்குள்ள ஒரு மாடம். மாதா சிலை வச்சிருப்பாங்கபோல. யாரோ செங்கல்ல வச்சு அடைச்சிருந்தான், இப்பதான் பேத்தெடுத்தேன். திங்கக்கிழம பூசிடுவேன்.”

கல்லுக்கு நேர் கீழே, கல்லின் அதே நீள அகலத்தில் ஒரு பள்ளம். நொயெமி குனிந்து பார்த்தாள். பழைய சாந்தில், இடது மூலையில், கட்டை விரல் அளவுக்கு ஒரு வெள்ளைச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே இருக்கிற கல்லின் இடது கீழ் மூலை உடைந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். அவளுடைய இருபத்துமூன்றாம் அடிக்குறிப்பே அதைப் பற்றித்தான்.*

சில்லைப் பெயர்த்து மேலே வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. எந்தக் காலத்திலோ ஒரு கொத்தனார், போகிற வருகிற வண்டிச்சக்கரம் இடித்து மூலை போய்விட்டதே என்று, இனியாவது பத்திரமாக இருக்கட்டும் என்று கல்லைத் தூக்கி மேலே பதித்திருக்கிறான். நல்லெண்ணம்தான். அவள் டேப்பை வைத்து அளந்தாள். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். அந்த வெள்ளம் அவள் சொன்ன உயரத்துக்கு வரவே இல்லை.

“திங்கக்கிழம பூசாதீங்க,” என்றாள்.

“ஏன்?”

“படம் எடுக்கணும்.”

“இப்பதான எடுத்தீங்க?”

“வெளிச்சம் சரியில்ல.”

ஜோசியான் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். இந்த இடத்தில் நொயெமி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் தலையைக் குனிந்துகொண்டு அஸ்பாரகஸ்தான் சாப்பிடுகிறாள்.

[* “கல்லின் இடது கீழ் மூலை சிதைந்துள்ளது, இது கோட்டின் அளவைப் பாதிக்கவில்லை.” இந்த அடிக்குறிப்பை மெய்ப்புப் பார்த்தவள் நான். அனாவசியம், எடுத்துவிடலாமா என்று கேட்டதும் நான்.]

4

உபேர் தெலப்போர்த்தை வில்லனாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. நொயெமியின் ஆய்வு நெறியாளர். கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு சுற்றியிருப்பார், யார் பேசினாலும் குறுக்கே பேசுவார். வில்லனுக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் இருந்தது. ஆனால் நொயெமி சொன்ன உரையாடலை எழுதிப் பார்த்தால் மனிதர் மாட்டேன் என்கிறார்.

“படம் பார்த்தேன். சந்தேகமே இல்ல, கல்லு ஏறியிருக்கு,” என்றார்.

“இந்த இதழ்லயே திருத்தம் போடறேன், உபேர்.”

“நேர்காணல் பதினாலாம் தேதி. இதழ் எப்ப வருது?”

“பத்தாம் தேதி.”

“அந்தக் குழுவுல ரெண்டு பேர் இந்த இதழ அட்டையிலேர்ந்து அட்ட வரைக்கும் படிக்கிறவங்க. உன் மொத்தத் திட்டமும் அந்தக் கல்லு மேலதான் நிக்குது. இலையுதிர்கால இதழ்ல போடு. நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லல நொயெமி. ஆறு மாசம் கழிச்சு உண்மையச் சொல்லுன்னுதான் சொல்றேன்.”

“வரைபடத்துக்கு ஆட்சேபம் எழுத மே முப்பது கடைசி. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா தொட மாட்டாங்க. அச்சுல ஆதாரம் வந்தாத்தான் எடுத்துப்பாங்க. புது அளவுப்படி, ரெண்டு படி உயர்த்திக் கட்டினா அவங்க கீழயே படுக்கலாம். இப்ப பதினாலு படிய உக்காந்து உக்காந்து ஏறுறாங்க.”

அவள் சொல்லி முடிக்கும்வரை உபேர் குறுக்கே பேசவில்லையாம். அது நடந்ததே ஓர் அதிசயம்.

“நீயும்தான் அஞ்சு வருஷமா ஏறிட்டிருக்க,” என்றார் பிறகு. “நான் அதையும் பார்த்துக்கிட்டுதான இருக்கேன்?”

இப்படிப் பேசுகிற மனிதரை எப்படி வில்லனாக்குவது? சொல்லுங்கள்.

5

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) நொயெமி திருத்தத்தை வெளியிடுகிறாள். அவளுடைய நேர்மையைக் கண்டு குழு நெகிழ்ந்து முதல் இடம் கொடுக்கிறது. இப்படி முடித்தால் எனக்கே சிரிப்பு வரும். அந்த மாதிரிக் குழுக்களுக்கு நான் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

(ஆ) வெளியிடுகிறாள். ஐந்தாவது முறையும் இரண்டாம் இடம். தியெரி ஒரு பெட்டி அஸ்பாரகஸ் அனுப்புகிறான். இது நடக்கக்கூடியது. அதனால்தான் எழுதப் பிடிக்கவில்லை.

(இ) காத்திருக்கிறாள். வேலை கிடைக்கிறது. இலையுதிர்காலத்தில் திருத்தம் வருகிறது. அதற்குள் ஜோசியான், ஒன்பதாவது படியில்—

(இதை இங்கேயே நிறுத்திவிட்டேன்.)

நான் மூன்று முடிவுகளை வைத்துச் சீட்டு விளையாடிக்கொண்டிருக்க, அவள் முடிவெடுத்துவிட்டாள். இன்று காலை ஒன்பது பத்துக்கு அந்த அரைப் பக்கம் என் கணினிக்கு வந்தது. படம், அளவு, சில்லு, எல்லாம் இருக்கிறது. கடைசி வரிகள் இவை: “கல் இடம் மாறியிருக்கக்கூடும் என்ற கேள்வி எனக்கு எழவில்லை. பிழை முழுவதும் என்னுடையது.”

உடனே அவளைக் கூப்பிட்டேன்.

“நிச்சயமா போடணுமா?”

“நீங்களும் உபேர் மாதிரி ஆரம்பிக்காதீங்க ஃபிலோமின். நேத்தே தியெரிகிட்ட சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம், ‘அப்ப அது மாதா மாடம் இல்லயா?’ன்னாரு.”

இருவரும் சிரித்தோம். அவள் சிரிப்பு முதலில் நின்றது.

“ரெண்டு மதிப்பீட்டாளர்ல ஒருத்தருக்குமே தோணல பாருங்க, ஃபிலோமின். ஒரே ஒருத்தர் கேட்டிருந்தாக்கூட நான் போய் அந்தச் சுவத்தத் தட்டிப் பாத்திருப்பேன்.”

“ஆமா,” என்றேன்.

6

திருத்தம்.

இந்தக் கதையின் இரண்டாம் பிரிவில், “அந்தக் கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் கல்லைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை” என்று எழுதியிருந்தேன். அது தவறு. ஒருவர் கேட்டிருந்தார்.

பழைய பொறியாளர் ஒருவர். எல்லாரையும் குதறிவிடுவார். அவர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி முழுக்க ஏளனம். இந்தப் பெண்ணுக்கு ஆறும் தெரியாது, சுவரும் தெரியாது, போய்க் கவிதை எழுதட்டும் என்று. அந்த வாரம்தான் நொயெமிக்கு இரண்டாவது “இரண்டாம் இடம்” கடிதம் வந்திருந்தது. இளம் ஆய்வாளர்களுக்குப் போகிற அறிக்கைகளில் முள் எடுப்பது என் வழக்கம். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தப் பத்தியை அப்படியே வெட்டினேன். அவள் மனம் நோகக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். பத்தியின் நடுவே ஒரு வரி இருந்தது: “கல் ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தது என்று யார் சொன்னது?” ஏளனத்தோடு அதுவும் போய்விட்டது.

அந்தக் கொத்தனாரைப் பற்றி “நல்லெண்ணம்தான்” என்று எவ்வளவு சுலபமாக எழுதினேன் பார்த்தீர்களா?

பிழை முழுவதும் அவளுடையது இல்லை. அவளுடைய அரைப் பக்கத்துக்குக் கீழே நான்கு வரிக்கு இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன். இதழ் அலுவலகம் மதிப்பீட்டாளரின் கேள்வியைக் கட்டுரையாளருக்கு அனுப்பவில்லை, காரணம் நான், என்று எழுதிப் பெயர் போடலாம். அந்தக் குழுவில் அட்டை முதல் அட்டை வரை படிக்கிற இருவரும் அதையும் படிப்பார்கள். கேட்ட கேள்வி அவளிடம் போய்ச் சேரவே இல்லை என்று தெரிந்தால் அவளை வேறு விதமாகப் பார்ப்பார்கள். என்னையும் வேறு விதமாகப் பார்ப்பார்கள். முப்பத்தோரு வருடத்தில் இன்னும் எத்தனை பேருடைய கேள்விகளை வெட்டினாய் என்று கேட்பார்கள். நான் எண்ணி வைக்கவில்லை.

மணி நாலு நாற்பது. இந்த மதியம் முழுக்க இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தது, அந்த நான்கு வரியை எழுதாமல் இருப்பதற்காகத்தான் என்று உங்களுக்கு முன்பே புரிந்திருக்கும். எனக்கு இப்போதுதான் புரிகிறது. பயமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது வழக்கம். வழக்கம் இவ்வளவு வசதியாக இருப்பதுதான் எனக்குச் சந்தேகம். அதனால் உங்களை ஒன்றும் தீர்மானிக்கச் சொல்லப்போவதில்லை, சரிபார்க்க மட்டும் சொல்கிறேன். பத்தாம் தேதி இதழ் வரும். நூலகத்தில் கிடைக்கும். பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, திருத்தத்தின் கீழே எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றா, இரண்டா.

தமிழில் எழுதியாயிற்று. பிரெஞ்சில் எழுத இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.