துணை ஹார்ன்

சிம்பொனி இசைக்குழுவில் ஹார்ன் என்னும் பித்தளை ஊதுகருவி வாசிப்பவர்களில் முதல் நாற்காலி, அதாவது முதல் ஹார்ன் இடம், இங்ரிடுக்குக் கிடைத்து, இது இரண்டாவது விஸ்கான்சின் குளிர்காலம். தேர்வில் திரைக்குப் பின்னால் முகம் காட்டாமல் வாசித்து ஜெயித்த இடம். ஆனால் இன்னும் நிரந்தரமாகவில்லை. சனிக்கிழமைக் கச்சேரி முடிந்ததும் சக கலைஞர்கள் ஓட்டுப் போடுவார்கள். தோற்றால் மறுபடி ஊர் ஊராகத் தேர்வுக்கு அலைய வேண்டியதுதான்.

அவளை ஒட்டினாற்போல் துணை ஹார்ன் டுவெய்ன் உட்காருவார். சத்தமான இடங்களை அவர் ஊதிவிட்டால், முதல் ஹார்ன் உதட்டுக்கு ஓய்வு கொடுத்துத் தனி வாசிப்புக்குத் தயாராகலாம். எல்லாக் குழுவிலும் உள்ள வழக்கம். இங்ரிட் மட்டும் அவருக்கு எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அதே தேர்வில் அவரும் வாசித்துத் தோற்றவர். அவர் கையில் கொடுத்தால் கேட்பவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்களே என்ற பயம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையிலும் எல்லாவற்றையும் தானே ஊதித் தள்ளினாள். தனி வாசிப்பு வந்தபோது உதடு மரத்துப் போயிருந்தது. உச்ச சுரம் இரண்டாகப் பிளந்தது. இசை நடத்துநர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் அவளைக் கலங்கடித்தது.

இடைவேளையில் டுவெய்ன் ஹார்னைக் கவிழ்த்து, உள்ளே மூச்சுக்காற்று படிந்து சேர்ந்த தண்ணீரை உதறியபடி, "கூரையப் பாத்துக்கிட்டு இருக்கவா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்றார்.

"நான் எப்ப விழுவேன்னு காத்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

"போன வருஷம் காத்திருந்தேன். இப்ப நீ போனா மறுபடி தேர்வு வைப்பாங்க. இந்த வயசுல இன்னொரு தரம் திரைக்குப் பின்னால போனேன்னா என் பொண்டாட்டி வீட்டுல சேக்க மாட்டா. எந்த எடம் வேணும், சொல்லும்மா."

அவள் சொன்னாள்.

மறுநாள் மேடையில், சத்தமான பகுதி வந்ததும் ஹார்னை மடியில் இறக்கினாள். டுவெய்ன் வாசித்தார். நன்றாகவே வாசித்தார், கீழ்ச்சுரங்களில் அவளைவிட நன்றாக. ஆனாலும் அவள் ஹார்னை எடுக்கவில்லை. சொன்ன இடத்தில் அவர் நிறுத்தினார். இவள் மூச்சிழுத்து எடுத்தாள். உச்ச சுரம் கொஞ்சம் மெலிந்துதான் வந்தது, ஆனால் பிளக்கவில்லை. பின்வரிசையில் யாரோ மெல்லக் காலணியைத் தரையில் தேய்த்தார்கள். வாத்தியக்காரர்களின் கைதட்டல் அது.

திங்கட்கிழமை அவளை நிரந்தரமாக்கியதாகச் சொன்னார்கள்.

"எதிர்த்து ஒரு ஓட்டு விழுந்துச்சாமே," என்றார் டுவெய்ன். "என்னைப் பாக்காத."

அவள் பார்க்கவில்லை. அடுத்த வாரத்து இசைக்குறிப்புத் தாள்களைப் பிரித்து, அவர் வாசிக்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறிக்கத் தொடங்கினாள்.