அட்டைக்குள் போன தங்கதுரை

இட ஒதுக்கீடு கேட்டு எண்பத்தேழில் சாலை மறியல் நடந்த வாரம், கச்சிராயபாளையத்துத் தங்கதுரை ஒரு பட அட்டைக்குள் போய்விட்டான். அதே நாளில் அட்டையிலிருந்த அமெரிக்கன் இறங்கி, கல்வராயன் மலைப்பக்கம் நடந்து போனதைக் கோமுகி அணையில் மீன் பிடித்தவர்கள் பார்த்தார்கள். மலையில் அது சாமை அறுப்புக் காலம். ஆள் பற்றாத ஒரு குடும்பம் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டது.

அட்டை, வெளிநாட்டுப் பழந்துணி மூட்டையில் ஒரு சட்டைப் பைக்குள் வந்தது. பேஸ்பால் மட்டையோடு நின்ற அந்த ஆள் முதலில் ஓட்டப்பந்தய வீரன், பிறகு ஆட்டம் மாறியவன் என்று பின்பக்கத்து இங்கிலீஷைப் படித்த கம்பவுண்டர் சொன்னார். தங்கதுரைக்கு அது பிடித்துப்போயிற்று. அவனும் அந்த வருஷம்தான் சடுகுடுவை விட்டு வாலிபாலுக்கு மாறியிருந்தான். மாற்றியவள் மனைவி செவ்வந்தி. "சடுகுடு ஆடுனா முட்டிதான் பேந்துடும், வேற இன்னா கெடைக்கும்? வாலிபால் ஆடுனாதான் வேல தராங்களாம்." வேலைக்கு எழுதிப் போட்டான். அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு மறியலுக்குப் போனான். சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கூட்டம் கலைந்தபின் ஒரு மரத்தின் அடியில் அட்டை மட்டும் கிடந்தது. அதில் மடித்துக் கட்டிய லுங்கியோடு, மட்டையைப் பிடித்தபடி தங்கதுரை நின்றான்.

பழைய சடுகுடு கூட்டாளி நாராயணசாமி அட்டையைச் சடுகுடுக் கோட்டுக்கு வெளியே சாய்த்து வைத்தான். "அழுதுக்கினு இருக்காதீங்க அண்ணி. நம்ம ஆட்டத்துல வெளிய போனவன் உள்ள வரலாம். எதிராளி ஒருத்தன அவுட்டாக்குனா போதும்." இருட்டும்வரை அவுட்டாக்கினார்கள். தங்கதுரை குதிகாலைக்கூடத் தூக்கவில்லை. "அவருதான் உங்க ஆட்டத்த வுட்டுட்டாரே" என்றாள் செவ்வந்தி. வாலிபாலில் வெளியே போனவன், தன் இடத்துக்கு வந்தவன் வெளியேறினால்தான் திரும்ப வரலாம். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே தங்கதுரைதான்.

அவன் இடத்துக்கு வந்த அமெரிக்கன் இருக்கும் ஊரைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு களத்தில் அவன் சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தான். முதுகில் ஒரு பெண் குழந்தை "அப்பா, அப்பா" என்று தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவி வெள்ளச்சி எழுந்து வந்தாள். "யாரத் தேடி வந்தீங்க அக்கா?"

செவ்வந்தி மடியிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. தண்ணி குடும்மா."

அதற்குள் இட ஒதுக்கீடு கிடைத்துவிட்டிருந்தது. அவள் வீடு திரும்பிய மறுநாள் தங்கதுரை பெயருக்கு வேலை உத்தரவு வந்தது. பிரித்து அட்டைக்கு நேரே நீட்டினாள். அவனுக்கு இரண்டு கையும் மட்டையில் இருந்தது. உத்தரவை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். அட்டையைப் புகை படாத பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, உலை ஏற்றினாள்.