ஆளுக்கொரு தட்டு

மார்னி உரித்த முட்டையைத் தூக்கிக் காட்டினாள். கட்டிலில் தலையணைகளின் மேல் சாய்ந்திருந்த அவள் அப்பா டெஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

“எலி கடிச்ச மாதிரி இருக்கு.”

“முட்டை புதுசுப்பா. ஓடு சதையைப் பிச்சுக்கிட்டு வருது. நான் என்ன பண்றது?”

“அதை நீயே தின்னுடு. மேசைக்குப் போகக் கூடாது.”

மார்னி அதை வாயில் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அவள் சாப்பிட்டது அவ்வளவும் இப்படித் தேறாமல் போன முட்டைகள்தான். சமையலறையை விட்டுவிட்டு, பாத்திரம் பண்டங்களோடு அவர் அறைக்கே வந்து, கட்டில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே டிசம்பர் மாதக் கோடை வெயில் கோதுமைக் கிடங்குகளின் தகரக் கூரைமேல் கண்ணைக் கூசவைத்தது. வடக்குக் காற்று உலைவாயைத் திறந்துவிட்டதுபோல் வீசியது. அடிலெய்டில் வேலையிலிருந்து விடுப்பு எடுத்து அவள் வந்தபோது டெஸ் தடி ஊன்றிக்கொண்டு கழிப்பறைவரை நடந்துகொண்டிருந்தார். இப்போது தண்ணீரே தேக்கரண்டியில்தான். காலையில் வந்த நர்ஸ் பெட்ரா, வாசலில் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, “இன்னிக்கு நீங்க ரொம்ப தூரம் போகாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் சாயங்காலம் ஊர் மண்டபத்தில் கிறிஸ்துமஸ் விருந்து. டெஸ் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வியே, “முட்டை வேகப் போட்டாச்சா?” என்பதுதான்.

அந்த ஊர் விருந்துக்கு அழைப்பிதழ் கிடையாது. ஆளுக்கொரு தட்டு கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் தட்டு என்றால் பெண்கள் தட்டு. ஆண்கள் பீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வெளியே மரத்தடியில் நின்றுகொள்வார்கள். மார்னிக்குப் பன்னிரண்டு வயதில் அவள் அம்மா ஐல்சா இறந்தாள். அந்த டிசம்பரில் டெஸ் ஒரு கையில் மகளையும் மறு கையில் ஒரு தட்டையும் பிடித்துக்கொண்டு மண்டப வாசலில் போய் நின்றார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிதர். ஆறடி உயரம். தட்டில் பாதியாக வெட்டிய அவித்த முட்டைகள். மஞ்சள் கருவை மயோனைஸும் கறித்தூளும் போட்டுப் பிசைந்து, திரும்ப அதன் குழியில் அப்பி வைத்திருந்தார்.

“டெஸ், ஏப்ரனை வீட்டுல விட்டுட்டு வந்துட்டியா?” என்று மரத்தடியிலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளே மேசையை அடுக்கிக்கொண்டிருந்த நொரீன், “ஆம்பளைங்க பீரை வெளியில வைக்கணும்,” என்றாள் திரும்பிப் பாராமல்.

“பீர் இல்லம்மா. முட்டை.”

நொரீன் திரும்பிப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். ஓரமாக, பழச்சாற்று ஜாடிக்குப் பின்னால் ஓர் இடத்தைக் காட்டினாள். அன்று இரவு அந்த முட்டைகளில் பெரும்பகுதி வீடு திரும்பி, நாய்க்குப் போனது. அடுத்த வருடம் பாதி திரும்பியது. அதற்கடுத்த வருடம் தட்டு காலி. அன்றிலிருந்து நொரீனுக்கும் அவருக்கும் போட்டி. நொரீன் கொண்டு வருவது பெரிய உருண்டை ரொட்டி. நடுவைக் குடைந்து, கீரையும் சீஸும் சேர்த்துச் சூடாக நிரப்பி வைப்பாள். சுற்றி நின்று ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தொட்டுத் தின்பார்கள். எது முதலில் தீர்கிறது என்பதுதான் பந்தயம். பரிசு ஒன்றும் இல்லை. தோற்றவர் ஒரு வருடம் வாயைத் திறக்கக் கூடாது. இருவரும் அதைக் கடைப்பிடித்ததே இல்லை.

மார்னி கலவையை ஒரு விரல் நுனியில் எடுத்து அவர் உதட்டில் தடவினாள். டெஸ் கண்ணை மூடி வெகுநேரம் நாக்கைப் புரட்டினார்.

“உப்பு.”

போட்டாள். மறுபடி தடவினாள்.

“ம்,” என்றார். பிறகு, “மார்னி, ஒண்ணு சொல்றேன், கேளு. நான் அதுக்குள்ள போயிட்டா...”

“அப்பா.”

“கேளுடி. போயிட்டா அங்க யார்கிட்டயும் சொல்லாத. தட்டு காலியாகட்டும். அப்புறமா சொல்லு.”

அறை மூலையில் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்த யூனா அத்தை, டெஸ்ஸின் அக்கா, கையை நிறுத்தினாள். “என்னடா பேச்சு இது?”

“முன்னாடியே சொன்னா பரிதாபப்பட்டுத் தின்பானுங்க யூனா. ஐயோ பாவம் டெஸ்ஸுன்னு ஒருத்தன், பிடிக்காட்டியும் எடுத்துக்கணும்னு இன்னொருத்தன். அந்த நொரீன் ரொட்டியை மூடியே வச்சிடுவா. அப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு வேணாம்.” மூச்சு வாங்கியது. “இத்தனை வருஷமா எவன் பரிதாபத்துலயும் என் முட்டை போகலை.”

“இந்த வருஷம் உங்க முட்டை இல்லையேப்பா. எலி கடிச்சது,” என்றாள் மார்னி.

டெஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாகி, பிறகு அடங்கியது. அவர் தூங்கிப்போனார்.

மதியம் அவள் சமையலறையில், பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டி, கலவையைப் பிதுக்கி முட்டைக் குழிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். யூனா கூப்பிட்டாள். “மார்னி, இங்க வாம்மா.” சாதாரணக் குரல்தான். ஆனால் மார்னி பையை மேசையில் வைக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு ஓடினாள்.

டெஸ்ஸின் வாய் சற்றே திறந்திருந்தது. மூச்சு ஒன்று வந்தது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். வந்தது. மறுபடி காத்திருந்தார்கள். வரவில்லை.

மார்னி அவர் கையைப் பிடித்தாள். விட்டபோது அவர் விரல் கணுக்களில் முட்டைக் கலவை மஞ்சளாக ஒட்டியிருந்தது. போர்வை ஓரத்தால் ஒவ்வொரு கணுவாகத் துடைத்தாள். யூனா அவர் தாடையைத் தாங்கி, வாயை மெல்ல மூடிவிட்டாள். வெளியே ஒரு லாரி கிடங்கை நோக்கிப் போயிற்று.

பெட்ரா வந்து பார்த்து, எழுத வேண்டியதை எழுதினாள். உடலை எடுத்துப்போகும் வண்டி பக்கத்து நகரத்திலிருந்து வரவேண்டும். சனிக்கிழமை, வர இருட்டிவிடும் என்று ஃபோனில் சொன்னார்கள். பெட்ரா போன பிறகு மார்னி சமையலறைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து மிச்ச முட்டைகளை நிரப்பினாள். மேலே பொடியாக நறுக்கிய இலையைத் தூவினாள். முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது யூனா கதவருகே நின்றிருந்தாள்.

“பொணத்தைப் போட்டுட்டு விருந்துக்குப் போறியா?”

“அவர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க அத்தை.”

“உயிர் போற நேரத்துல மனுஷன் ஆயிரம் சொல்வான்.”

“அப்பா ஆயிரம் சொல்ற ஆள் இல்லையே. ஒண்ணுதான் சொன்னார்.”

யூனா தம்பி படுத்திருந்த அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தட்டைத் தானே எடுத்து, ஈரத் துணி ஒன்றைப் பிழிந்து மேலே போர்த்தினாள்.

“கார்ல வெயில் படாம வை. முட்டை கெட்டுப்போச்சுன்னா அவன் எழுந்து வந்து திட்டுவான்.”

மண்டபத்தில் மின்விசிறிகள் சூட்டையே கிளறிக்கொண்டிருந்தன. நீள மேசை முழுக்கத் தட்டுகள். இறைச்சி உருட்டிய பேஸ்ட்ரி, குச்சியில் குத்திய சீஸ், பன்றி இறைச்சித் துண்டு சுற்றிய பேரீச்சை, எல்லாவற்றின் மேலும் ஈக்களுக்காக வலைமூடி. நடுவில் நொரீன். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத பெண்மணி. கையில் ஆவி பறக்கும் ரொட்டி.

“எங்க அந்த மனுஷன்?”

“வரலை ஆன்ட்டி. என்னை அனுப்பிட்டார்.”

“எப்படி இருக்கான்?”

“வலி இல்ல,” என்றாள் மார்னி. அது பொய் இல்லை.

நொரீன் அவள் முகத்தைப் பார்த்தாள். துணியை விலக்கி முட்டைகளைப் பார்த்தாள். “இது அவன் கை இல்லையே.”

“நான் செஞ்சது. அவர் ருசி பார்த்தார்.”

“ஓ. அப்போ இந்த வருஷம் எனக்குத்தான்,” என்றாள் நொரீன். இரண்டு தட்டுகளையும் மேசை விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் இழுத்து வைத்தாள். வலைமூடிகளை இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் தூக்கினாள்.

மார்னி சுவரோரம் போய் நின்றாள். முதலில் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மீனவன் கெவ் ஒரு பனிப்பெட்டி நிறைய இறாலைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூட்டம் அத்தனையும் அந்தப் பக்கம் சாய்ந்தது. முட்டைத் தட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ரொட்டியை மட்டும் நாலைந்து பேர் விடாமல் பிய்த்தார்கள். சூட்டில் முட்டையின் மேல் பளபளப்பு ஏறத் தொடங்கியது. மார்னி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்டு கண்மூடித் திறப்பதற்குள் காலியாகிவிடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏய், இறால் எங்கயும் ஓடிடாது. எனக்கு ரெண்டு டெஸ் எடுத்து வை,” என்று ஓர் இளம் தாய், இடுப்பில் குழந்தையோடு, தன் புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

மார்னி நிமிர்ந்தாள்.

“டெஸ் இருக்கா இன்னும்?” என்று வேறொருவன் இறால் ஓட்டை வீசிவிட்டு வந்தான். “அம்மா, எனக்கும் ஒரு டெஸ்,” என்றது ஒரு சிறுமி. மார்னி அவளிடம் குனிந்தாள்.

“டெஸ்னா என்ன பாப்பா?”

சிறுமி இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். “இதுதான்,” என்று முட்டையைக் காட்டினாள். “மஞ்சளா இருக்கும்.”

இந்த ஊரில் அதற்கு அதுதான் பெயர் என்பது இத்தனை வருடம் அடிலெய்டில் இருந்துவிட்டவளுக்குத் தெரியவில்லை. அப்பாவும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் ஒவ்வொரு ஃபோனிலும் சொல்லியிருப்பார். அவர் எதிரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை போலும்.

இறால் கையைக் கழுவிக்கொண்டு கெவ்வே வந்து இரண்டை ஒன்றாக வாயில் போட்டான். “உப்பு கொஞ்சம் தூக்கல்,” என்று மென்றபடி சொல்லிவிட்டு, இன்னொன்றை எடுத்தான். மார்னிக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. பரிதாபப்படுகிறவன் உப்பைப் பற்றிப் பேசமாட்டான்.

கடைசியில் தட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. எந்த விருந்திலும் கடைசியை எடுக்க யாருக்கும் கை வராது. வருவார்கள், பார்ப்பார்கள், பக்கத்துத் தட்டுக்குப் போவார்கள். ரொட்டியிலோ அடிப்பாகம் நன்றாகவே மிச்சம் இருந்தது, அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மார்னி அந்த ஒற்றை முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நொரீன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அந்த முட்டையை எடுத்தாள். அவசரமே இல்லாமல் மென்று விழுங்கி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மார்னியின் அருகில் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“எப்போ போனான்?”

“மத்தியானம்,” என்றாள் மார்னி. “எப்படித் தெரிஞ்சுது?”

“உயிர் இருந்தா இந்நேரம் மண்டபத்துக்கு நாலு தரம் ஃபோன் பண்ணியிருப்பான், எவ்வளவு மிச்சம் இருக்குன்னு.” நொரீன் மூக்கை உறிஞ்சினாள். “தட்டு காலியாகுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னானா?”

“ஆமா.”

“திமிர் பிடிச்சவன்.” காலித் தட்டை எடுத்து மார்னியின் கையில் கொடுத்தாள். “நான் ஒரு துண்டு கூட விட்டுக்கொடுக்கலை, தெரிஞ்சுக்க. என்கிட்ட வந்தவனை எல்லாம் ரொட்டி பக்கம்தான் தள்ளினேன். கடைசி ஒண்ணு மட்டும் மரியாதைக்கு.”

“தெரியும் ஆன்ட்டி.”

நொரீன் ஒரு கரண்டியால் பழச்சாற்று ஜாடியைத் தட்டினாள். மண்டபம் மெல்ல அடங்கியது. மரத்தடியில் நின்றவர்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவர் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள்.

“அப்பா இன்னிக்கு மத்தியானம் போயிட்டார்,” என்றாள் மார்னி. “தட்டு காலியாகுற வரைக்கும் உங்ககிட்ட சொல்லாதேன்னார். காலியாயிடுச்சு.”

கெவ் சிரித்தான். தன்னை மீறி, தொண்டை உடைந்து வந்த சிரிப்பு. அவன் அப்படியே முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். அவனைத் தொடர்ந்து வாசலில் இன்னும் இருவர். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். எங்கோ பின்னாலிருந்து யாரோ கை தட்டத் தொடங்க, மண்டபம் முழுக்கத் தட்டியது. வழக்கமாக ஆட்டம் ஜெயித்து வருகிற பையன்களுக்குத் தட்டுகிற மாதிரிதான். மார்னி காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இந்த மண்டபத்துக்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நுழைந்த பன்னிரண்டு வயதுப் பெண் அவளுக்கு நினைவுக்கு வந்தாள். இப்போது தலை குனிய வேண்டியிருக்கவில்லை.

“நானும் வரேன்,” என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் நொரீன் காரில் ஏறிக்கொண்டாள். கடலுக்கு மேல் வெளிச்சம் இன்னும் இருந்தது.

வீட்டில் யூனா கதவைத் திறந்துவிட்டாள். மார்னியின் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள், தலையை ஒருமுறை ஆட்டினாள். நொரீன் நேராக அறைக்குள் போனாள். கட்டிலருகே இருந்த நாற்காலியில், முதுகு சாய்க்காமல், பைக்குள் கைக்குட்டையை வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு டெஸ்ஸின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

விருந்தில் எல்லோருக்கும் கொடுத்த பச்சைக் காகிதக் கிரீடம் அவள் நரைமுடியின் மேல் அப்படியே இருந்தது. கழற்ற மறந்திருந்தாள். வாசலில் நின்ற மார்னியும் யூனாவும் அதைப் பார்த்தார்கள். இருவரும் சொல்லவில்லை. மின்விசிறி திரும்பும்போதெல்லாம் அது மெல்லச் சலசலத்தது.