ஆல்ட்டோ வரிசையில் ஒரு முந்திரிக்கொட்டை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது. சிரித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏதோ பெரிய கலைத் தூண்டுதல் வந்து எழுத உட்கார்ந்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

போன வருடம், நகர மண்டபத்தில், என் அக்கா பாடும் சேர்ந்திசைக் குழுவின் ஆண்டு நிகழ்ச்சி. மொத்தம் எண்பது பேர். புகழ்பெற்ற கோரஸ்களாகப் பொறுக்கி எடுத்துப் பாடுவார்கள். பாதி ஓபராவிலிருந்து: சிறைப்பட்டவர்கள் ஊரை நினைத்துப் பாடுவது, கொல்லர்கள் சம்மட்டி அடித்தபடி பாடுவது, சிப்பாய்கள் வீடு திரும்பிப் பாடுவது. மீதிப் பாதி தேவாலய இசை. கடைசி உருப்படி எப்போதும் அந்த ஒன்றுதான். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போனை எடுத்துத் தேடிக் கேட்கப் போய்விடுவீர்கள், இந்தப் பக்கம் திரும்ப மாட்டீர்கள்.

அந்தப் பாட்டு நாலு நிமிடம் கடவுளைப் புகழ்ந்து முழங்கும். முடியப் போகிற நேரத்தில் சட்டென்று எல்லாம் நின்றுவிடும். குரல் கிடையாது, வாத்தியம் கிடையாது. கோரஸ் ஆசிரியர் கையை மேலே தூக்கியபடி நிற்பார். கை இறங்கியதும் எண்பது பேரும் சேர்ந்து கடைசி வரியை நிதானமாகப் பாடி முடிப்பார்கள்.

அந்த மௌனத்துக்குள் அக்கா பாடிவிட்டாள். அவள் குரல் மட்டும், முழுத் தொண்டையில். பாதிச் சொல்லில் கடித்து நிறுத்தினாள்.

மூன்றாவது வரிசையில் இருந்த நான் குபீரென்று சிரித்தேன். என்னைத் தொடர்ந்து மண்டபமே சிரித்தது. கடைசி வரியை எப்படிப் பாடினார்கள் என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும் தெரியாது. அன்றிலிருந்து குழுவில் அவளுக்குப் பெயர் முந்திரிக்கொட்டை.

2

எழுதி அடித்த தொடக்கங்கள் சில:

'எண்பது பேரின் மூச்சும் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கணத்தில்—' நூலாவது, தொங்கலாவது.

'அவளுக்கு இசை தெரியாது, ஆனால் இசைக்கு அவளை—' இதை எழுதிய கையில் நாலு போட வேண்டும்.

'அவள் பல் கட்டும் லேபில் வேலை செய்கிறாள்.' இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அவள் பல் கட்டும் லேபில் வேலை செய்கிறாள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் சாந்து ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்கி, கடி சரியாக விழுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சாந்தைக் கலக்க இத்தனை எண்ணிக்கை, தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்ற இத்தனை எண்ணிக்கை என்று இருபது வருடமாக மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறாள். காதில் எந்நேரமும் பயிற்சி ஒலிப்பதிவு ஓடும்.

[ஓர் இடைக்குறிப்பு. பெண் குரல்களில் கீழ்க்குரலுக்கு ஆல்ட்டோ என்று பெயர். ராகம், கைதட்டல் எல்லாம் மேல்குரல்காரிகளுக்குப் போய்விடும். ஆல்ட்டோவுக்கு நடுவில் இட்டு நிரப்புகிற வேலை. ஒரே சுரத்தில் அரைப் பக்கம் நில் என்றால் நிற்க வேண்டும். நன்றாகப் பாடினால் யாருக்கும் தெரியாது, தப்பாகப் பாடினால் ஊருக்கே தெரியும்.]

அவள் தப்பு அந்த ஒலிப்பதிவிலிருந்துதான் வந்தது. கம்ப்யூட்டரில் செய்த பதிவு அது. அதில் அந்த மௌனம் சரியாக மூன்று எண்ணிக்கை. அவள் அதை நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருந்தாள். நிகழ்ச்சியன்று மண்டபத்தில் எதிரொலி அடங்க நேரம் பிடித்தது. அது அடங்கட்டும் என்று ஆசிரியர் கையை ஐந்து எண்ணிக்கை வரை பிடித்துவிட்டார். சரியாகப் படிக்காதவர்கள் பயந்துபோய் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பித்தார்கள். அக்கா நன்றாகப் படித்திருந்தாள். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எண்ணி, நாலாவது எண்ணிக்கையில் கணீரென்று பாடி மாட்டிக்கொண்டாள்.

3

இந்த வருடம் நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆசிரியர் லேபுக்கே போன் செய்தார்.

"கடைசிப் பாட்டு இந்த வருஷமும் அதேதாம்மா. நீங்களும் வாங்க. கடைசிப் பக்கம் வரும்போது மட்டும் வாயை அசைச்சா போதும். சத்தம் வேண்டாம்."

அக்காவின் கையில் யாருடையதோ மேல்வரிசைப் பல் இருந்தது. அதை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"சார், வாயசைக்க நான் வரமாட்டேன். பாடுறதா இருந்தா கடைசி எழுத்து வரைக்கும் பாடுவேன். இல்லன்னா என் இடத்துல வேற ஆளப் போட்டுக்கங்க."

"போன தடவை மாதிரி ஆச்சுன்னா?"

"ஆகாது."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"எப்படின்னு இன்னும் தெரியல சார். ரெண்டு மாசம் இருக்குல்ல, கண்டுபிடிச்சுக்கறேன்."

அவர் ஒரு நிபந்தனை போட்டார். கடைசி ஒத்திகையில் அந்தப் பக்கத்தை மூன்று முறை பாடலாம், மூன்றிலும் அவள் முந்தாமல் இருந்தால் நிகழ்ச்சியில் முழுசாகப் பாடலாம், ஒன்றில் தவறினாலும் வாயசைப்புதான் என்றார். சரி என்று போனை வைத்துவிட்டுப் பல்லை எடுத்தாள்.

[இந்த இடத்தில் அக்கா தனியாக உட்கார்ந்து அழுவதாக அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவள் அதைப் படித்தாள்.

"நான் எப்படா அழுதேன்?"

"கதைக்காகக்கா."

"கதைக்காக நீ அழுடா. என்னை எதுக்கு இழுக்கற? அவமானமா இருந்துச்சு. அதை அப்படியே எழுது. தெருமுனைக் கடைக்காரரு எங்க குழுவுல பாடுறவரு. பாக்கும்போதெல்லாம் முந்திரிக்கொட்டைன்னு கூப்பிடுறாருன்னு மூணு வாரம் சுத்திப் போனேன். அப்புறம் ஒரு நாள், நான் எதுக்கு சுத்திப் போகணும்னு தோணுச்சு. நேரா போனேன். இதுல எங்க அழுகை வருது?"

அரைப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.]

4

மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக். சங்கீதம் என்றால் ஹார்ன் சத்தம் வரைதான் அவருக்குப் பழக்கம். அவரைத்தான் அக்கா ஆசிரியராக்கினாள்.

"நீங்க கையை மேல தூக்கி நில்லுங்க. நான் பாடிட்டு நிறுத்துவேன். எப்பத் தோணுதோ அப்ப இறக்குங்க. எப்ப இறக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியக் கூடாது."

"எனக்கே தெரியாதே."

"அதுதான் வேணும்."

முதல் வாரம் முழுக்கத் தோல்வி. மாமா கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார், இவள் நாலில் பாடிவிடுவாள். வாயை அடக்கினாலும் உள்ளே எண்ணுவது நிற்கவில்லை. இரண்டாம் வாரம் பயிற்சி ஒலிப்பதிவைப் போனிலிருந்தே அழித்தாள். புத்தகத்தையும் மூடி வைத்தாள். பார்ப்பதற்கு அவர் கை மட்டும்தான் இருந்தது. நகக்கண்ணில் கிரீஸ் கறை படிந்த அந்தக் கையைக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, இதை எழுதாதே என்றாள்.

மூன்றாம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா கையைத் தூக்கிய நேரத்தில் அழைப்புமணி அடித்தது. அவர் தூக்கிய கையோடு போய்க் கதவைத் திறந்து, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு பார்சலை வாங்கினார். அக்கா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பார்சல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். மாமா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்சலைப் பிரிப்பதற்காகக் கையை இறக்கினார். அக்கா கணீரென்று கடைசி வரியைப் பாடினாள். மாமா பார்சலைக் கீழே போட்டுவிட்டார்.

"நான் மறந்தே போயிட்டேம்மா."

"நான் மறக்கல."

5

ஆசிரியர் விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் சௌகரியம். முதல் பிரதியில் அவருக்குத் தடித்த மூக்குக் கண்ணாடியும் இளக்காரச் சிரிப்பும் கொடுத்துப் பார்த்தேன். அக்கா இரண்டையும் அடித்துவிட்டாள்.

"அவரு எண்பது பேருக்குப் பதில் சொல்லணும்டா. உன்னை மாதிரி மூணாவது வரிசைல உக்காந்து சிரிச்சுட்டுப் போற வேலையா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு வருடத்தில் என் சிரிப்பைப் பற்றி அவள் பேசியது அப்போதுதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் லேபில் பல்லைத் தேய்க்கிற மிஷினைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

6

கடைசி ஒத்திகையில் நான் இல்லை. இனி வருவது அக்கா சொன்னது. பஸ் நேரம் ஒத்துவராமல் மாமாவே அவளைக் கொண்டுவிட்டு அங்கேயே காத்திருந்ததால், அவரிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். நானாக இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

முதல் முறை ஆசிரியர் கையைச் சாதாரணமாகப் பிடித்து இறக்கினார். அக்கா மற்றவர்களோடு சேர்ந்து பாடினாள். இரண்டாம் முறை வேண்டுமென்றே நீட்டினார். ஆறு, ஏழு எண்ணிக்கை போயிருக்கும். இருமலை அடக்க முடியாமல் ஒருவர் முகம் சிவந்துவிட்டது. அக்கா அசையவில்லை.

மூன்றாவது முறை கை மேலே போனது, மௌனம் விழுந்தது. அதற்குள் ஒரு குரல் பாடிவிட்டது.

எல்லாத் தலைகளும் அக்கா பக்கம் திரும்பின. அக்கா ஆசிரியரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கியதும் சொன்னாள்:

"அது ஆம்பளக் குரல்."

உண்மைதான். பாடியவர் பின்வரிசையில் கீழ்க்குரல் பாடும் தபால்காரர். ஆறடி ஆள், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அவரும் திரும்பி அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தபால்காரர் மன்னிக்கணும் என்று முணுமுணுத்தார். ஒத்திகை முடிந்ததும் ஆசிரியர் அக்காவிடம் வந்தார்.

"நீங்க மூணு தடவையும் சரி. ஆனா எனக்கு பயமா இருக்கும்மா. அன்னைக்கு யாரு தப்புப் பண்ணாலும் எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க. தாங்குவீங்களா?"

"பாக்கட்டும் சார். நான் உங்களப் பாத்துட்டு இருப்பேன்."

7

இன்று நிகழ்ச்சி. மதியம் மூன்று முடிவுகளை எழுதி எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன்.

முதல் முடிவில் எல்லாம் சரியாக நடக்கிறது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டுகிறது. தெருமுனைக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

"பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கு," என்றாள்.

இரண்டாம் முடிவில் அவள் மறுபடி முந்திவிடுகிறாள். ஆனால் இந்த முறை ஒருவரும் சிரிப்பதில்லை.

"உன் மனசு ஆறணும்னு நான் இன்னொரு தடவ விழணுமா?"

மூன்றாம் முடிவில் தபால்காரர் தவறுகிறார், அக்கா புன்னகைக்கிறாள். இதற்குத்தான் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"அடுத்தவன் தப்புப் பண்ணணும்னா ரெண்டு மாசம் உன் மாமா கையைப் பாத்துட்டு நின்னேன்? எடுத்துட்டுப் போடா."

எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த மூணு நொடியவே எல்லாரும் பேசுறீங்க. அதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் நான் பாடுறேன். போன வருஷமும் பாடினேன், ஒரு சுரம் பிசகல. ஒருத்தர் அதைக் கேட்டிருப்பாங்களா? எழுதுறதா இருந்தா அதை எழுது. அதுக்கு மேல என்ன ஆகும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதாத."

8

மாலை. அதே மண்டபம், மூன்றாவது வரிசை. நோட்டு மடியில் இருக்கிறது. பக்கத்தில் மாமா கசங்காத சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்.

கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது. மேல்குரல்காரிகள் ராகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். காது அவர்கள் பின்னாலேயே ஓடுகிறது. பிடித்து இழுத்து ஆல்ட்டோ வரிசைக்குக் கொண்டுவருகிறேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மெல்லத் தெரிகிறது. மேலே ராகம் ஏறும்போது கீழே இவர்கள் ஒரே சுரத்தில் நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவள் மூச்செடுக்கும்போது அக்கா எடுப்பதில்லை, அக்கா எடுக்கும்போது அவள் பிடித்துக்கொள்கிறாள். அதனால் அந்தச் சுரம் அறுபடவே இல்லை. நடுவில் ஓரிடத்தில் ஆண் குரல்கள் கேள்வி கேட்பதுபோல ஒரு வரியை எறிகின்றன. அதை முதலில் ஏந்துவது ஆல்ட்டோதான். போன வருடமும் இது நடந்திருக்க வேண்டும். நான் கேட்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளை நினைத்துப் பெருமையாகவும் இருக்கிறது.

'அவளுடைய குரல் ஒரு—' இல்லை. அது அவளுடைய குரல், அவ்வளவுதான். முழுசாகப் பாடுகிறாள்.

மூன்று நிமிடம் தாண்டிவிட்டது. முரசு சேர்ந்துகொண்டது. மாமாவின் வலது கை முழங்காலிலிருந்து கொஞ்சம் எழுந்துவிட்டது, அவருக்கே தெரியவில்லை. மேடையில் மற்ற எல்லாரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். அக்கா புரட்டவில்லை. புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள்.

ஆசிரியரின் கை மேலே போகிறது. எல்லாம் நின்றுவிட்டது.

நான் பேனாவை மூடி வைக்கிறேன். அந்தக் கையை இனி நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். தோன்றும்போது இறக்குங்கள், அவசரம் ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.