ஈரத்துணி

வாசலில் பேண்டு செட்காரர் பெரிய டிரம்மை ஒரு தட்டுத் தட்டியதும், மேலே ஓட்டைத் தாங்கிய பனங்கையிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்து ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்தது. ஜெசிந்தா புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்து நிமிர்வதற்குள் இரண்டாவது தட்டு விழுந்தது. அப்பாவின் முகத்துக்கு மேலே மறுபடியும் மாவு சலித்த மாதிரி வெள்ளை.

"செத்த நேரம் அடிக்காம இருக்கச் சொல்லுங்களேன்" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். யாரும் எழுந்து போகவில்லை. சாவு வீட்டில் மேளத்தை நிறுத்தச் சொன்ன மகள் என்று திண்டிவனம் பூராவும் பேசும். அது அவளுக்கும் தெரியும் என்பதால் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே படுத்திருந்தவர் சவரிமுத்து. பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் பியூன் வேலை பார்த்தவர். வெள்ளைச் சட்டை, விரல்களில் சுற்றிய ஜெபமாலை, படிய வாரிய தலை. உயிரோடிருந்தபோதும் அப்படித்தான் இருப்பார். சட்டையில் ஒரு பொட்டு அழுக்கைப் பார்க்க முடியாது.

கண்ணாடிமேல் விழுந்துகொண்டிருந்தது வேறொன்றுமில்லை, ஆப்பசோடாதான். ஆப்பத்துக்குப் போட்டால் ஒரு சிட்டிகை. இந்த வீட்டுக்குள் தம்பி சகாயராஜ் அடித்தது நான்கு மூட்டை.

போன மழைக்கு ஜன்னல் மட்டம் தண்ணீர் நின்று வடிந்த வீடு அது. வடிந்த கையோடு சுவரெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பிடித்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். பத்து நாள் ஒளிந்திருந்துவிட்டு அது மறுபடியும் வந்து நின்றது. ஓடு ஒழுகிய இடத்தில் பனங்கை வரைக்கும் ஏறிவிட்டது. ஏற்கெனவே மூச்சிரைப்புக்காரரான சவரிமுத்துவுக்கு இருமல் ஓயவேயில்லை. "மருந்து நான் தர்றேன், உங்க சுவத்தை யாரு பாக்கறது?" என்று டாக்டர் கேட்டுவிட்டார்.

சுவரைப் பார்ப்பதற்குச் சகாயராஜ் இருந்தான். கம்ப்ரசர் காற்றில் மணலைப் பீய்ச்சி லாரி பாடிகளுக்குத் துரு அடித்து எடுக்கிற தொழில். அதற்கு முன்னால் ஷார்ஜாவில் ஆறு வருஷம் சுத்தம் செய்கிற கம்பெனியில் இருந்தவன். ஆனால் எதை வைத்து அடிப்பது என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் போனிலேயே பெரிய வழக்கு நடந்தது. அக்கா விழுப்புரத்தில் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறவள். இரண்டு வீடியோ பார்த்தால் அவளுக்குப் போதும்.

"ட்ரை ஐஸுதான்டா நல்லது. பொடியே வுழாது. பட்டதும் பூசணம் உதிருது, ஐஸு ஆவியாப் போயிடுது. அள்ளிக்கினு, கூட்டிக்கினு கெடக்க வேணாம்."

"யக்கா, நீ வீடியோவுல பாத்த. நான் கையில புடிச்சி அடிச்சவன். அது சும்மா ஆவி இல்ல, கேஸு. மூடுன ரூம்ல காத்த வெளிய தள்ளிட்டு அது நின்னுக்கும். ஷார்ஜாவுல ஒரு பெங்காலி என் கண்ணெதிர்லயே மயங்கி வுழுந்தான். நம்ம வூட்டுக்கு இருக்கிறதே ஒரே ஒரு ஜன்னலு."

"ஃபேனு வெச்சிக்கினு அடிக்கிறது."

"அந்த ஐஸு மெட்ராஸ்ல இருந்து வரணும், வர்ற வழியிலயே பாதி காணாமப் போயிடும். மிஷினும் என்னாண்ட இல்ல. சோடான்னா நம்ம கம்ப்ரசரே போதும், பனங்கையையும் அரிக்காது. ஒண்ணே ஒண்ணு, பொடி நிக்கும். பூசணத்தோட கலந்து நிக்கும். ஒரு வாரம் அப்பா உள்ள வரக்கூடாது. நான் மேல இருந்து கீழ வரைக்கும் ஈரத்துணியில தொடச்சி எடுத்துட்டுக் கூப்புடுறேன்."

"அவ்ளோதானே? ஒரு வாரம் என்னாண்ட இருக்கட்டும்" என்று சொன்னது ஜெசிந்தாதான்.

ஐஸ் ஐஸ் என்று அடித்துக்கொண்டவளுக்கு இப்போது ஐஸ் கிடைத்துவிட்டது, கண்ணாடி மூடியோடு.

ஒரு வாரம் என்றது மூன்று நாளில் முடிந்துபோனது. புதன்கிழமை சகாயராஜ் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த வேலைக்காகக் கண்டாச்சிபுரம் போயிருந்தான். அவன் மனைவி அமலா குழந்தையோடு வானூரில் தாய்வீட்டில் இருந்தாள். சாவி பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணியிடம். விழுப்புரத்திலிருந்து தனியாக வந்து இறங்கிய சவரிமுத்து சாவியைக் கேட்டு வாங்கினார். "சகாயம் வர வேணாம்னு சொல்லிச்சேண்ணா" என்று கிருஷ்ணவேணி சொன்னதற்கு, "என் வூட்டுக்கு நான் வரத் தேதி குறிக்கிறானா அவன்?" என்று சிரித்திருக்கிறார். உள்ளே போனால் தரையெல்லாம் வெள்ளை. முப்பத்தோரு வருஷம் சாக்பீஸ் தூளைக் கண்ட இடத்தில் கூட்டிய மனிதர். பையை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

அரைமணி நேரம் கழித்து மோர் கொடுக்க வந்த கிருஷ்ணவேணி, கதவிடுக்கிலிருந்து புகை வருகிறதென்று பயந்துபோய்த் தள்ளிப் பார்த்தாள். அது புகையில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். துடைப்பம் கையிலேயே இருந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்சிஜன். வெறும் சோடாவாக இருந்தால் இருமலோடு போயிருக்கும், கூடக் கலந்திருந்த பூசணத் தூளை நுரையீரல் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த சகாயராஜ் அக்காவைக் கேட்டது ஒரே கேள்விதான். "எப்புடிக்கா வந்தாரு?"

"சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டாருடா" என்றாள் ஜெசிந்தா.

அது பொய். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்கிற தைரியம் அவளுக்கு இல்லை. தம்பி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினான்.

இப்போது பெரியப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவின் அண்ணன். குரல் எப்போதும் தெருமுனை வரைக்கும் கேட்கும். இன்றைக்கு அதற்கும் தாண்டிக் கேட்டது.

"ஆப்பத்துக்குப் போடுறத வூடு பூரா அடிச்சி என் தம்பியக் கொன்னுட்டு, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிறான் பாரு. நாங்கள்லாம் வூடு கட்டல? பூசணம் பாக்கல? இவன் ஃபாரின் வேலைய அப்பன்மேலயா காட்டுவான்?"

வந்தவர்கள் எல்லாரும் சகாயராஜைப் பார்த்தார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து தரையையும் சுவரையும் துடைத்து முடித்திருந்தவன் அவன். பனங்கை மட்டும் பாக்கி. அதனால் பெட்டியைப் பந்தலிலேயே வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தான். பெரியப்பாதான், என் தம்பி வீட்டுக்குள்தான் இருப்பான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ஆமா பெரிப்பா. நான் சாவிய எடுத்துக்கினு போயிருக்கணும். என் தப்புதான்" என்றான்.

"தப்பாம் தப்பு. இதோ பாருங்கப்பா, எல்லாருக்கும் சொல்லிட்டேன். பெட்டியத் தூக்கும்போது தலைமாட்டுல இவன் கை வெக்கக் கூடாது. என் பசங்க தூக்குவானுங்க. இவன் பின்னால நடந்து வரட்டும்."

பெற்ற மகன் இருக்கும்போது அப்பன் தலைமாட்டை வேறொருவன் தூக்குவதா? தம்பி ஏதாவது சொல்லுவான் என்று ஜெசிந்தா பார்த்தாள். அவன் குனிந்து, ஐஸ் பெட்டியின் வயர் யார் காலிலும் இடறாதபடி ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தான். அடப்பாவி, வாயைத் திறடா என்று அவளுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. திறக்க வேண்டியது யார் வாய் என்றும் தெரிந்தே இருந்தது.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து அப்பாவை மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். ஃபாதர் வரப்போகிறார், பன்னீர் பாட்டிலை எடுத்து வா என்று யாரோ சொன்னார்கள். ஜெசிந்தா சமையலறைக்குப் போனாள். அலமாரியில் மற்ற பாத்திரமெல்லாம் வெள்ளை படிந்து கிடக்க, மடித்த துணிமேல் ஒரு டிபன் பாக்ஸ் மட்டும் பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தது.

எடுத்துத் திருப்பினாள். மூடியில் 'ச. ஜெசிந்தா' என்று பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்குச் சீர் கொடுத்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் அப்பா கூடவே நின்று வெட்டி வாங்கிக் கொடுத்த பெயர். புதன்கிழமை காலை இதில்தான் ஐந்து இட்லியும் மல்லாக்கொட்டைத் துவையலும் வைத்து அப்பாவிடம் கொடுத்தனுப்பினாள். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பின மனிதர் மகள் வீட்டு டிபன் பாக்ஸோடு வரமாட்டார்.

பின்னாலேயே வந்த கிருஷ்ணவேணி, "சகாயந்தான் அன்னிக்கே கழுவி வெச்சிச்சி" என்றாள். "பையில தெறக்காமயே இருந்திச்சி, பாவம், ஒரு வாய்கூடத் துன்னல. இது யாரு கட்டிக் குடுத்ததுன்னு கேட்டேன். அதுக்கு ஒண்ணும் சொல்லல. வெளிய பேசாதீங்கன்னு மட்டும் சொல்லிச்சி."

ஜெசிந்தா பன்னீர் பாட்டிலை மறந்துவிட்டாள். மூன்று நாளாக இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அத்தனை பேர் எதிரிலும் என் தப்பு என்றான். சின்ன வயசில் மூக்கு ஒழுகும்போதெல்லாம் அவள் தன் தாவணியில் துடைத்துவிட்டு வளர்த்த தம்பி.

வாசலில் ஃபாதர் வந்துவிட்டார். ஜெபம் முடிந்து மூடி போடும் நேரத்தில் பெரியப்பாவின் பிள்ளைகள் தலைமாட்டுக்கு வந்து நின்றார்கள். சகாயராஜ் சுவரோரமாக ஒதுங்கினான்.

"இருங்க" என்றாள் ஜெசிந்தா.

டிபன் பாக்ஸோடு நின்ற அவளை எல்லாரும் பார்த்தார்கள்.

"பெரிப்பா, அப்பா சொல்லாம வரல. நான்தான் அனுப்பி வெச்சேன். ஒரு வாரம் வெச்சிக்கிறேன்னு சொன்னதும் நான்தான். ராத்திரியெல்லாம் இருமுறது எனக்குத் தொந்தரவா இருந்திச்சி. அது அவருக்குத் தெரிஞ்சிப்போச்சி. காலையில குளிச்சிட்டு வந்து, கெளம்புறேம்மான்னாரு. இருங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்லல. சரிப்பான்னுட்டேன். இதுல டிபன் கட்டிக் குடுத்து, பஸ்ஸு ஏத்தி, ஜன்னலோரமா சீட்டும் புடிச்சிக் குடுத்தேன். தம்பி வரக்கூடாதுன்னு சொன்னது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினேன்."

உண்மையில் அந்த இருமலுக்கு முணுமுணுத்தது மாமியார். அவள் பெயரை ஜெசிந்தா எடுக்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரம் நின்றிருந்தது. பெரியப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துண்டை எடுத்தபோது வயசானவராகத் தெரிந்தார். பிள்ளைகளைப் பார்த்து, தள்ளுங்கடா என்பதுபோல் கையை அசைத்தார்.

"சகாயம், வா. தலைமாட்டப் புடி" என்றார். குரல் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

சகாயராஜ் வந்தான். அக்காவைத் தாண்டும்போது நிற்கவில்லை. குனிந்து பெட்டிக்கு அடியில் கையைக் கொடுத்தபோதுதான் அவன் அழுதான். மூன்று நாளில் முதல் தடவை. ஆறடி ஆள், தோள் குலுங்கக் குலுங்கத் தூக்கினான்.

அவர்கள் தெருவில் பெண்கள் கோயில் வரைக்கும்தான் போவார்கள். பூசை முடிந்து, ஆண்கள் கல்லறைப் பக்கம் திரும்பியதும் ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். பிணம் எடுத்த வீட்டைக் கூட்டிக் கழுவிவிட வேண்டும் என்று கிருஷ்ணவேணி துடைப்பத்தோடு உள்ளே நின்றிருந்தாள். ஐஸ் பெட்டி இருந்த இடம் மட்டும் சிவப்புத் தரையாகத் தெரிந்தது. சுற்றிலும் புதிதாக உதிர்ந்த வெள்ளை.

"கூட்டாதீங்கக்கா" என்று ஜெசிந்தா துடைப்பத்தை வாங்கி வெளியே சாய்த்தாள். "ஈரத்துணியில தொடைக்கணும்."

வாளியில் தண்ணீர் பிடித்தாள். அப்பாவின் பழைய வேட்டியை இரண்டாகக் கிழித்து நனைத்துப் பிழிந்தாள். முட்டிபோட்டு, ஐஸ் பெட்டி இருந்த இடத்தின் ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை அலசியபோதும் தண்ணீர் பால்போலத்தான் இருந்தது. கொட்டிவிட்டு வேறு பிடித்தாள்.

சகாயராஜ் கல்லறையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவினான். உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"கீழ இருந்து ஆரம்பிச்சா மறுபடியும் வுழும்க்கா" என்றான். "மேல இருந்து வரணும்."

கொல்லையிலிருந்து ஏணியைக் கொண்டுவந்து பனங்கையில் சாய்த்தான். வேட்டியின் இன்னொரு பாதியை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். ஜெசிந்தா எழுந்து போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முதல் இழுப்புக்கே அவள் தலைமேல் பொடி விழுந்தது.

"மூக்க மூடிக்கோ" என்றான் மேலிருந்து.

அவள் ஒரு கையால் தலைப்பை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். இன்னொரு கையை ஏணியிலிருந்து எடுக்கவில்லை.