சுண்டுவிரலின் சத்தம்

"என் கீபோர்டுல மேல் பக்கத்துக் கட்டையெல்லாம் முனகுதுங்க. எவ்வளவு அடிச்சாலும் சத்தம் எழும்ப மாட்டேங்குது."

மனைவி இப்படிச் சொன்னபோது கீபோர்டுக்காரனுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பழுதான கீபோர்டுகளைப் பிரித்து மாட்டுவதுதான் அவன் பிழைப்பு. வீட்டின் முன்னறையே பட்டறை.

"அடுத்தவங்க பொட்டின்னா உடனே முடியும். என்னுதுன்னா மூலையில கிடக்கும்" என்று அவள் குத்திக்காட்டினாள்.

"இன்னைக்கே பார்த்துடறேன் தாயே" என்று பெரிதாகக் கும்பிடு போட்டான்.

அவள் ஒரு நடனப் பள்ளியில் பயிற்சிக்கு வாசிப்பவள். அன்று பள்ளி விடுமுறை. அவள் கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போன பிறகு கீபோர்டை மேசையில் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினான். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒரு ரப்பர் குமிழ். குமிழுக்குள் இரண்டு கறுப்புப் பொட்டுகள், ஒன்று கொஞ்சம் உயரம், ஒன்று தாழ்வு. கட்டையை அழுத்தினால் உயரமான பொட்டு முதலில் தகட்டைத் தொடும், அடுத்தது கண்ணிமைப்பதற்குள் தொடும். அந்த இடைவெளியைத்தான் கருவி அளக்கிறது. சட்டென்று இரண்டும் தொட்டால் ஓங்கி அடித்ததாக எடுத்துக்கொண்டு உரக்க ஒலிக்கும். தாமதமானால் மெல்லத் தொட்டதாக எண்ணி முனகும். விரலின் பலம் அதற்குத் தெரியாது. வேகம்தான் தெரியும்.

பொட்டுகளைத் துடைத்தான். கம்ப்யூட்டரோடு இணைத்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டினான். திரையில் வந்த வேக எண்களில் குறையே இல்லை. மேல் கட்டை, கீழ்க் கட்டை, எல்லாம் ஒரே மாதிரி. பழுது எங்கே என்று தலையைச் சொறிந்தான்.

அவள் திரும்பி வந்ததும், "கொஞ்சம் வாசிச்சுக் காட்டு" என்றான். அவள் வாசிக்க, இவன் திரையைப் பார்த்தபடி நின்றான். ஐந்து விரல் வரிசையில் முதல் மூன்றுக்கும் எண்கள் எகிறின. நான்காவதில் சரிந்தன. சுண்டுவிரலில் விழுந்தன. கையை நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னான். சரிவும் கூடவே வந்தது. பழுது கட்டையில் இல்லை. அவள் வலது கையில் இருந்தது.



அவளுடைய அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் வலது கையிலிருந்து கோப்பை நழுவியது. பிறகு கை சூம்பியது, கால் போனது, கடைசியில் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. மருந்தே இல்லாத வியாதி. இவள்தான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அவன் தோளில் சாய்ந்து, "எனக்கு இப்படி வந்தா, எனக்குத் தெரியவே வேணாம்" என்று அழுதாள்.

"என்னங்க, கண்டுபிடிச்சீங்களா?"

"ரப்பர் தேஞ்சுபோச்சு" என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "வேற போட்டா சரியாயிடும்."

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்த பிறகு அதை மாற்றிச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வேறொரு வகைக் கீபோர்டின் ரப்பர் பட்டைகளைத் தேடிப் பிடித்தான். அவற்றில் இரண்டு பொட்டுகளுக்கும் உயர வித்தியாசம் குறைவு. சோம்பலாக இறங்கும் விரலைக்கூடக் கருவி ஓங்கிய அடியாக எடுத்துக்கொள்ளும். வலது கை புழங்கும் மேல் கட்டைகளுக்கு மட்டும் அவற்றை வெட்டிப் பொருத்தினான். அவள் வாசித்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் பழையபடி பேசுது. கைராசிக்காரர்தான் நீங்க" என்று அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

மாதங்கள் ஓடின. இடையிடையே அவள் சுண்டுவிரலை உதறிக்கொண்டு, "மரத்துப்போன மாதிரி இருக்கு" என்பாள். "குளிரா இருக்கும்" என்பான் இவன். அவளும் அதற்குமேல் கேட்கமாட்டாள். கீபோர்டைத் தினமும் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய்வந்தாள். சத்தம் குறைந்தபோதெல்லாம் அவன் யாருக்கும் தெரியாமல் பட்டையை மாற்றினான்.

பிறகு நடனப் பள்ளியில் புதுக் கீபோர்டு வாங்கினார்கள். அன்று அவள் வெறுங்கையோடு போனாள். வழக்கத்துக்கு முன்பே வீடு திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அங்க பாதிப் பாட்டு சத்தமே வரல. பிள்ளைங்க எல்லாம் ஆடறதை நிறுத்திட்டு என்னையே பார்க்குதுங்க. புதுப் பொட்டி, அதுல என்ன கோளாறு இருக்கப் போகுது?" அவனுடைய மேசையருகே வந்து நின்றாள். "இதுல பேசுது. அதுல பேசல. ஏன்?"

அவன் கையிலிருந்த பற்றவைப்புக் கோலைத் தாங்கியில் வைத்தான். சொன்னான். எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அழவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்" என்று மட்டும் சொன்னாள்.

மருத்துவர் அவளுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அக்காவின் கதையைக் கேட்டுவிட்டு, "அவங்களுக்குக் கை மரத்துப்போச்சா?" என்றார்.

"இல்லீங்க. உணர்ச்சி கடைசி வரைக்கும் இருந்துச்சு."

"உங்களுக்கு?"

"மரத்துத்தான் போகுது. ரொம்ப நாளா."

நரம்புச் சோதனை முடிந்தபின் அவரே விளக்கினார். "பயப்படாதீங்க, அந்த வியாதி இல்ல. அதுல கை மரத்துப்போகாது. முழங்கையில ஒரு நரம்பு நசுங்கியிருக்கு. சின்ன ஆபரேஷன் போதும், இதுக்குமேல மோசமாகாது." சற்றுத் தயங்கினார். "ஆனா போன பலம் திரும்பறது கஷ்டம்மா. தொடங்கினப்பவே வந்திருந்தா முழுசா சரியாகியிருக்கும். இவ்வளவு நாள் எப்படி வாசிச்சீங்க?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

வெளியே படிக்கட்டில் அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் இழுத்துக்கொண்டாள்.

"நீதானே சொன்னே, தெரியவே வேணாம்னு..."

"அக்காவைப் புதைச்சுட்டு வந்து அழுதப்போ சொன்னது! அதையா பிடிச்சுக்கிட்டீங்க?" அவள் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஓடி வந்திருப்பேனே. பயந்தது நானில்ல, நீங்க. என்னைச் சுமக்கணுமேன்னு பயந்தீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அக்காவின் கட்டில், குழாய்கள், விடிய விடிய விழித்திருந்த இவளுடைய சிவந்த கண்கள், அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்த்து அவன் நடுங்கிய நாட்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவள் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று அவனுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மரமரப்பு குறைந்தது. பலம் வரவில்லை. நடனப் பள்ளிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அவள் வீட்டை விட்டுப் போகவில்லை, சண்டையும் போடவில்லை. சமைக்கிறாள், கணக்கு வழக்கு பேசுகிறாள், வாடிக்கையாளர் வந்தால் உட்காரச் சொல்கிறாள். அவன் கீபோர்டுகளைச் சோதிக்கும்போது மட்டும் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறாள்.

காலையில் மேல்சட்டையின் சின்னப் பொத்தான்கள் அவள் விரலுக்குப் பிடிபடுவதில்லை. அவன்தான் போட்டுவிட வேண்டும். கூப்பிடமாட்டாள், அறை வாசலில் வந்து நிற்பாள். அவன் கீழிருந்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு மேலே வரும்வரை, அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி நின்றுகொண்டிருப்பாள்.