மாலை விமானம்

ஹஸ்னைன் அன்று போனில் "உடனே" என்று சொன்னானா இல்லையா என்பதில் பசீர் அகமதுவுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. சொல்லவில்லை என்றுதான் ஒன்றரை வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். மனது தனக்குத் தோதானதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

அப்போது அவர் மியூனிக்கில் இருந்தார். கம்பெனியின் பெரிய அதிகாரியோடு போன பயணம். மீட்டிங்குக்குக் கிளம்பி ஓட்டல் வாசலில் நின்றபோது டெக்சாஸிலிருந்து மைத்துனன் ஹஸ்னைன் கூப்பிட்டான்.

"லாத்தாவுக்குக் கொஞ்சம் மயக்கம் மச்சான். ஹாஸ்பிடல்ல சேர்த்திருக்கோம். பயப்படாதீங்க. ஈவினிங் ஃப்ளைட் கிடைச்சா வந்துடுங்க."

லாத்தா என்று அவன் சொன்ன அக்கா, பசீரின் மனைவி அமீனா, அந்தப் போன் வருவதற்கு முன்பே இறந்திருந்தாள். தனியாகப் பயணம் செய்து வர வேண்டியவரிடம் சாவைப் போனில் சொல்லமாட்டார்கள் நம் ஆட்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் வரவழைப்பார்கள். பசீர் மீட்டிங்கை முடித்து, அதிகாரியோடு சாப்பிட்டு, மறுநாள் காலை விமானத்தில்தான் ஏறினார். மையத்தை, இறந்தவளின் உடலை, அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். அவர் டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் இருந்த தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன.

"பொய் சொல்லிட்டியேடா," என்றார் ஹஸ்னைனிடம். அதன் பிறகு அவனோடு பேசவில்லை.

மகள் இஸ்ரத் வயலின் வாசிப்பவள். இசைக் கல்லூரி ஆடிஷனுக்காகக் குளிர்காலம் முழுக்க, அந்தக் கால ஜெர்மன் இசைமேதை பாக் எழுதிய நீண்ட தனி வயலின் இசை ஒன்றைப் பழகினாள். துணைக்கு வேறு வாத்தியம் கிடையாது. ஒரே வயலின்தான் கேள்வி கேட்கும், அதுவே பதிலும் சொல்லும். பசீர் கராஜில் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார்.

ஆடிஷனுக்குப் போகும் வழியில், ஃப்ரீவேயில் இஸ்ரத் சொன்னாள்: "பாக்கும் ட்ரிப் போயிருந்தாராம் அத்தா, அவர் வேலை பார்த்த பிரின்ஸ்கூட. திரும்பி வந்தா மனைவியை அடக்கம் பண்ணிட்டாங்க. அந்த வருஷம்தான் இதை எழுதி முடிச்சார். அவங்களுக்காகத்தான்னு சொல்றாங்க, ப்ரூஃப் இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நெக்ஸ்ட் இயரே இன்னொரு மேரேஜ்."

"விவரமான ஆளுதான்."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவருக்கு யாரும் போன் பண்ணி ஏமாத்தலையே."

"மாமா பேசினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். அழுதுட்டேதான் பேசினாங்க. ரியலி, உங்களுக்குக் கேக்கலையா?"

எக்ஸிட் பலகைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

பசீருக்குக் கேட்டிருந்தது.

சில வருடங்களுக்கு முன் நாகூரில் ஹஸ்னைனின் தகப்பனார் இறந்தபோது, லீவுக்கு அங்கே போயிருந்த பசீர்தான் அவனுக்குப் போன் செய்தார். "அத்தாவுக்குக் கொஞ்சம் முடியலைடா, கிளம்பி வா" என்றார். ஹஸ்னைன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்றைக்கே விமானம் ஏறிவிட்டான். அப்படிப் பேசத் தெரிந்தவருக்கு அதைக் கேட்டால் புரியாதா? மியூனிக்கில் அந்த விம்மல் காதில் விழுந்ததும் பசீர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆடிஷன் அறைக்கு வெளியே நின்று, மூடிய கதவு வழியாக இசையை முழுவதும் கேட்டார். பிறகு கார் நிறுத்துமிடத்துக்கு வந்து ஹஸ்னைனை அழைத்தார்.

"மச்சானா?" குரலில் பயம். "எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லாருக்கோம். இஸ்ரத் நல்லா வாசிச்சா. சொல்லலாம்னு..."

"மாஷா அல்லாஹ்."

இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அவன் காத்திருந்தான். இவரும் காத்திருந்தார்.

"சரிடா, வச்சிடறேன்."

இஸ்ரத்துக்கு இடம் கிடைத்து ஹூஸ்டனில் படிக்கிறாள். ஹஸ்னைன் வேலை மாறி, குடும்பத்தோடு வேறு மாநிலத்தில் உள்ள பிரிட்ஜ்வாட்டருக்குப் போய்விட்டான். பெருநாளுக்குப் பெருநாள் பேசிக்கொள்கிறார்கள். தான்தான் தப்புச் செய்துவிட்டதாக அவன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். பசீர் அதே வீட்டில், அதே கம்பெனியில் இருக்கிறார். அன்று அந்த விம்மல் தனக்குக் கேட்டதை அவனிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.